இருபத்தேழரை நிமிடத் தண்ணீர்

பிப்ரவரி 2, ஞாயிறு – வீடு – மீதி 390 மில்லி – 30 நிமிடம்
பிப்ரவரி 4, செவ்வாய் – ஆலை – மீதி 455 மில்லி – 26 நிமிடம் – செல்லாது
பிப்ரவரி 6, வியாழன் – ஆலை – மீதி 464 மில்லி – 25½ நிமிடம் – செல்லாது
பிப்ரவரி 7, வெள்ளி – ஆலை – மீதி 481 மில்லி – 24½ நிமிடம் – செல்லாது
பிப்ரவரி 9, ஞாயிறு – வீடு – மீதி 443 மில்லி – 30 நிமிடத்துக்கு 26¾ காட்டியது
பிப்ரவரி 12, புதன் – ஆலை – மீதி 431 மில்லி – 27½ நிமிடம்
பிப்ரவரி 13, வியாழன் – ஆலை – மீதி 428 மில்லி – 27½ நிமிடம்
பிப்ரவரி 14, வெள்ளி – ஆலை – மீதி 430 மில்லி – 27½ நிமிடம்
பிப்ரவரி 17, திங்கள் – ஆலை – மீதி 434 மில்லி – 27¼ நிமிடம்
பிப்ரவரி 18, செவ்வாய் – ஆலை – மீதி 430 மில்லி – 27½ நிமிடம்

இந்தக் கணக்கில் வரும் தண்ணீர் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்த குடிதண்ணீர். பாட்டில் பெரியக்காவுடையது. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. சட்டை தைக்கும் அந்த ஆலையின் நான்கு மாடிகளிலும் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாருக்கும் அவள் பெரியக்காதான். நான்காவது மாடியில், தேய்க்கும் பகுதியில், ஏழாம் எண் மேசையில் இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை இல்லை அது. நீராவிப் பெட்டியின் சூட்டோடு காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை நிற்க வேண்டும். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

கைப்பேசி, கைக்கடிகாரம் இரண்டையும் வாசலில் கழற்றி, எண் தைத்த துணிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மாலையில்தான் திரும்பக் கிடைக்கும். ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருந்ததால் வெயிலைப் பார்த்தும் நேரம் சொல்ல முடியாது. நான்காவது மாடியில் முன்பு ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. பழுது பார்க்கப் போன அது திரும்பி வரவில்லை. ஆணி மட்டும் இருக்கிறது. ஆகவே அங்கே நேரம் என்றால் டைம் ஆபீசில் அடிக்கும் மணிதான். பகல் சாப்பாட்டுக்கு ஒரு தடவை அடிக்கும். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரு தடவை. சாப்பாட்டுக் கூடம் தரைத்தளத்தில். நடுவே எண்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் உண்டு, ஆனால் அது சட்டைகளுக்கு மட்டும்.

இரண்டாவது மணி அடிக்கும்போது சூப்பர்வைசர் மாடி வாசலில் நோட்டுடன் நிற்பார். அதற்குப் பிறகு வந்தால் லேட் மார்க். எத்தனை நிமிடம் என்பதையும் எழுதிக்கொள்வார். ஆறு மாதத்துக்குள் மூன்று விழுந்தால் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டும். அப்படி வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததாகப் பெரியக்காவுக்கு நினைவில்லை.

முதல் மார்க் நவம்பர் 19 அன்று விழுந்திருந்தது. இரண்டாவது ஜனவரி 23, வியாழக்கிழமை. அன்று அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் கால் வைக்கும்போது மணி ஓய்ந்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

“என்ன பெரியக்கா, படி ஏறி வர்றீங்களா, மலை ஏறி வர்றீங்களா?” என்றார் சூப்பர்வைசர்.

“மணி சீக்கிரமா அடிச்ச மாதிரி இருக்கு சார்.”

“மணி மணிக்குத்தான் அடிக்குது. உங்க முட்டிதான் லேட்டு.”

அக்கம்பக்கத்து மேசைகளில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பெரியக்காவும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம்வரை பெட்டியைத் தள்ளும்போதெல்லாம் அந்த வார்த்தை உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. முட்டிதான் காரணம் என்றால் யாரையும் நொந்து பிரயோசனம் இல்லை. மணிதான் காரணம் என்றால் விடக்கூடாது. இரண்டில் எது என்றே தெரியாமல் வேலையைப் பறிகொடுத்துவிட்டு உட்காருவதை நினைத்தால்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மார்க் எந்த நாளும் விழலாம்.

அவள் வீட்டுக்காரர் முப்பத்தாறு வருடம் ஒரு மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். தெருவில் இன்றும் அவர் கம்பவுண்டர்தான். அரை மில்லி கூடக்குறைய ஊற்றிப் பழக்கமில்லாத கை. வீட்டில் டீத்தூள் போடுவதையும் ஒரு மருந்து மூடியால் அளந்துதான் போடுவார். அன்று அவள் வந்ததும் வராததுமாகச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து முட்டியின்மேல் வைத்தார்.

“ரெண்டு ஆயிடுச்சுங்க.”

“வேலைய விட்டுடேன். நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேனே.”

“விட்டுடலாம். எதுனால விட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டு விடறேன். அரை மணி நேரம் குடுக்கறதாத்தானே பேரு? நெஜமாவே குடுக்கறானான்னு எப்படிப் பாக்கறது? வாட்ச்ச உள்ள விடமாட்டான்.”

“வேற என்னத்த விடுவான்?”

“ஒண்ணும் விடமாட்டான். தண்ணி பாட்டில் மட்டும். போன கோடையில ரெண்டு பேரு மயக்கம் போட்டு விழுந்தாங்கள்ல, அதுலேர்ந்து.”

கம்பவுண்டர் வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தார். பிறகு, “ஒரு பாட்டில் போதும்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே ஒரு வேலை வந்துவிட, அதற்கடுத்த ஞாயிறு, பிப்ரவரி 2 அன்று காலை, அடுப்படியில் வேலை தொடங்கியது. ஊசியை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, பாட்டிலின் அடியை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு துளை போட்டார். ஊசி கொஞ்சம் ஆடிவிட்டது. முதல் பாட்டில் பதினோரு நிமிடத்தில் காலி. இரண்டாவதில் துளை சின்னதாகி, தண்ணீர் அழுகை நின்ற குழந்தை மாதிரி விட்டுவிட்டுத் தேம்பியது. மூன்றாவது பாட்டில் சரியாக அமைந்தது. மேல் மூடியை இறுக்கி வைத்தால் காற்று உள்ளே போக வழியில்லை, துளையில் தண்ணீர் வராது. மூடியைத் தளர்த்தினால் நூல் மாதிரி ஒழுகும். ஆக, மூடிதான் சாவி. தூக்கிக்கொண்டு போகும்போது கசியாமலிருக்கத் துளைமேல் ஒரு ஒட்டுப்பட்டை.

பாட்டிலின் பக்கவாட்டில் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டி, அளவுக் குடுவையால் சரியாக ஆயிரம் மில்லி ஊற்றி, மூடியைத் தளர்த்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அவள் ஒவ்வொரு நிமிடமாகச் சொல்ல, அவர் தண்ணீர் நின்ற இடத்தில் கோடு போட்டார்.

“மேல இவ்ளோ தள்ளித் தள்ளிப் போட்டுட்டு, கீழ மட்டும் ஏன் நெருக்குறீங்க? எடம் பத்தலையா?”

“நான் நெருக்கல. தண்ணி கொறையக் கொறைய அழுத்தம் கொறையுது, மெதுவாத்தான் வரும். நம்மள மாதிரி.”

முப்பதாவது நிமிடத்தில் மூடியை இறுக்கினார். மிச்சத்தை அளந்தபோது முந்நூற்றுத் தொண்ணூறு மில்லி. மறுபடி ஊற்றி மறுபடி அளந்தார். அதே முந்நூற்றுத் தொண்ணூறு. கோட்டைப் பார்த்து அவள் சொன்னால் மட்டும் போதாது, மீதித் தண்ணீரோடு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், தான் அளந்து எழுத வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. “வழியில தாகமா இருந்தாலும் குடிச்சிடாத” என்றும் சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை முதல் மணி அடித்ததும் எல்லாரும் படியை நோக்கி ஓடினார்கள். பெரியக்கா ஓடவில்லை. துணி நனைக்க வைத்திருக்கும் வாளியை மேசையோரம் இழுத்துவிட்டு, பாட்டிலை மேசை விளிம்பில் வைத்து, ஒட்டுப்பட்டையைப் பிரித்து மூடியைத் தளர்த்தினாள். கீழே போனால் இரண்டாவது மணி அடிக்கும்போது மூடியை இறுக்க ஆள் இருக்காது. ஆகவே அளக்கும் நாளெல்லாம் அவளுக்குச் சாப்பாடு கிடையாது.

பக்கத்து மேசைக்காரி கைவேகத்தால் மின்னல் என்று பெயர் வாங்கியவள். திரும்பி வந்தவள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “என்ன பெரியக்கா, எறங்கவே இல்ல? இடுப்பக் கொறைக்கிறீங்களா?”

“இருக்கிற இடுப்ப வச்சுக்கிட்டே ஒண்ணும் பண்ண முடியல. நேரம் பாக்கறேன்டி.”

“தண்ணியிலயா?”

விஷயத்தைச் சொன்னதும் மின்னல் அன்றிலிருந்து மடியில் இரண்டு ரொட்டித் துண்டுகளை மறைத்துக் கொண்டுவர ஆரம்பித்தாள். பெரியக்கா பெட்டியைச் சூடேற்றும் சாக்கில் திரும்பி நின்று அவற்றை மென்று விழுங்குவாள். தொண்டையில் அடைக்கும். குடிக்கப் பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது.

செவ்வாய் இருபத்தாறு நிமிடம். வியாழன் இருபத்தைந்தரை. வெள்ளி இருபத்து நாலரை. மூன்றாவது நாள் மாடி முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. “அஞ்சு நிமிஷம் அமுக்கிடறாங்கப்பா!” என்றாள் மின்னல், பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்பவள் மாதிரி. “அஞ்சாறு முப்பது. வாரத்துக்கு அரை மணி நேரம். ஒரு நாள் சாப்பாடே காணாமப் போச்சு!”

பெரியக்காவுக்குக் கால் வலி மறந்து போயிற்று. முட்டி இல்லை, மணிதான். சனிக்கிழமை சாயங்காலம் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதி முடித்தார்கள். திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பவுண்டர் பாட்டிலைக் கழுவ எடுத்தார். துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்னது?”

“எது? அதுவா? நூல்தூசி. எங்க மாடியில மூக்குக்குள்ளகூட அதுதான்.”

மூடியைத் தளர்த்தி வைத்திருந்த நேரத்தில் உள்ளே விழுந்த தூசி துளையில் மீசை மாதிரி சிக்கியிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அப்படியே ஆயிரம் மில்லி ஊற்றி, சுவர்க் கடிகாரப்படி முப்பது நிமிடம் ஒழுக விட்டார். பாட்டில் இருபத்தாறே முக்கால் என்றது. ஒழுகுவது குறைந்தால் நேரமும் குறைவாகக் காட்டும். நோட்டை எடுத்து, ஆலையில் அளந்த மூன்று வரிகளுக்கும் பக்கத்தில் ‘செல்லாது’ என்று எழுதினார்.

“அப்ப நான் மூணு நாள் பட்டினி கெடந்தது?”

“செல்லாது.”

“ஈஸியா சொல்லிடுவீங்க. வயிறு என்னோடதுல்ல? இந்தத் தூசியோட பாத்தாலும் முப்பதுக்கு இருபத்தாறே முக்கால்தான். அங்க இருபத்து நாலரை வந்துச்சே. கொறையத்தானே செய்யுது?”

“கொறையலாம். ஆனா என்னைக்கு எவ்வளவு அடைச்சுதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவங்க ஒரு கேள்வி கேட்டா நாம திருதிருன்னு முழிக்கணும்.”

“அவங்க ஒரு நிமிஷத்துக்கு என் பேரை எழுதறாங்க. நீங்க ஒரு தூசிக்கு என் மூணு நாளையும் அடிக்கிறீங்க. நல்ல ஜோடி.”

அவர் நோட்டை மூடிவைத்தார். மனுவை நான்காக மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று வேளை பசியைவிட, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் அவளை அதிகம் அலுக்க வைத்தது. திங்கள் முழுக்க அவரோடு பேச்சு இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளே பழைய சட்டை ஒன்றின் கைத்துணியை வெட்டி, நாலாக மடித்து, பாட்டிலின் வாயில் கட்டிப் பார்த்தாள்.

“இதுல காத்து போகுமா?”

“போகும். தூசி போகாது.”

அவ்வளவுதான் சமாதானம்.

மாடியில் இருந்தவர்களிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. “அஞ்சு நிமிஷம்னு சொன்னது தப்புடி, மறுபடி அளக்கணும்” என்றாள் மின்னலிடம்.

“அட போங்க பெரியக்கா! நாங்க கீழ் மாடி வரைக்கும் சொல்லியாச்சு. இப்பப் போயி, மன்னிக்கணும், அது தூசின்னு சொல்லவா?”

“சொல்லு.”

புதனிலிருந்து அடுத்த செவ்வாய் வரை, இடையில் அவள் அளக்காமல் விட்ட சனியும் விடுமுறை ஞாயிறும் நீங்கலாக, ஐந்து நாள் அளந்தாள். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் அதே பாட்டிலை வீட்டில் முப்பது நிமிடம் ஓட்டிப் பார்த்தார். துளை சுத்தமாக இருந்தது, 390 அல்லது 391தான் வந்தது. மாடியின் சூட்டுக்குத் தண்ணீர் வேறு மாதிரி ஒழுகுமோ என்ற சந்தேகத்தில் வெதுவெதுப்பான நீரிலும் ஒரு தடவை ஓட்டினார். கால் நிமிடம் கூடுதலாகக் காட்டியது. அப்படியானால் நிஜமான இடைவேளை இன்னும் கால் நிமிடம் குறைவு. அதையும் எழுதினார். மொத்தத்தில் இருபத்தேழரை. ஐந்து நிமிடம் என்று கொதித்தது போய் இரண்டரை நிமிடம் மிஞ்சியது. பெரியக்காவுக்கு அது கையில் அள்ளிய மாதிரியே இல்லை. “இதுக்காகவா இவ்ளோ பாடு?” என்றாள்.

“இது நிக்கும்” என்றார் அவர்.

பிப்ரவரி 20 அன்று மனு பதிவுத் தபாலில் போயிற்று. செல்லாத வரிகளும் அதில் இருந்தன. மார்ச் 11 அன்று முதல் கடிதம் வந்தது: மனு கிடைத்தது, பரிசீலிக்கப்படும். இரண்டே வரி.

ஏப்ரல் 8 அன்று மூன்றாவது மார்க் விழுந்தது. இரண்டு நிமிடம். சூப்பர்வைசர் இந்த முறை கேலி பேசவில்லை. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “என் கையில ஒண்ணும் இல்ல பெரியக்கா, மூணு ஆச்சுன்னா மேல அனுப்பணும்” என்றார். வாசலில் துணிப் பையிலிருந்த கைப்பேசியையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்துவிட்டுப் பையை வைத்துக்கொண்டார்கள். மற்ற நாட்களில் பையை அவளிடமே கொடுப்பார்கள்.

வீட்டில் இருப்பது ஓய்வு மாதிரி இல்லை. காலையில் எட்டு மணிக்குக் கால் தானாக நிற்கப் பார்த்தது. இருபத்திரண்டு வருடக் களைப்பு, வேலை நின்ற பிறகுதான் வட்டியோடு வந்து இறங்கியது. பாதி நாள் படுத்தே கிடந்தாள்.

ஏப்ரல் 29 அன்று இரண்டாவது கடிதம்: அசல் குறிப்புகளையும் அளக்கப் பயன்படுத்திய சாதனத்தையும் மே 15 அன்று நேரில் கொண்டுவரவும். ‘சாதனம்’ என்ற சொல்லைப் படித்ததும் அவளுக்கு அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

ஆய்வாளர் அலுவலகம் கோப்புகளுக்கு நடுவில் மனிதர்கள் ஒதுங்கி உட்காரும் அறை. ஆய்வாளர் இளவயதுக்காரர். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதாம்மா கடிகாரம்?”

“ஆமா சார். வாட்ச்ச விடமாட்டாங்க.”

அவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குப்பைக்கூடையைக் காலி செய்து கீழே வைத்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் மூன்று பேரும் ஒரு பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பவுண்டர் பையிலிருந்து அளவுக் குடுவையை எடுத்து அளந்தார். 392.

“இந்த மூணு வரி?”

“தப்பு சார் அது” என்றாள் பெரியக்கா. “தூசி அடைச்சிருச்சு.”

“தப்பையும் ஏன் அனுப்பினீங்க? விட்டுட்டு அனுப்பியிருக்கலாமே.”

“அதுவும் நடந்ததுதானே சார்” என்றார் கம்பவுண்டர்.

ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஜூன் 17 அன்று சொல்லாமல் கொள்ளாமல் அவர் ஆலைக்கு வந்ததை மின்னல்தான் சாயங்காலம் ஓடிவந்து சொன்னாள். டைம் ஆபீசில் கையில் கடிகாரத்தோடு நின்றாராம். இரண்டாவது மணி இருபத்தேழு நிமிடம் இருபத்தைந்து விநாடியில் அடித்ததாம். டைம் ஆபீஸ்காரர் போன அக்டோபரில் புதிதாக வந்தவர்; பயப்படவே இல்லையாம்.

“‘எல்லாரும் மாடி ஏறணும்ல சார், அதான் ரெண்டரை நிமிஷம் முன்னாடியே கூப்பிடறேன், சரியா முப்பதுக்கு மேசைக்கு வந்துடுவாங்க’ன்னாரு பெரியக்கா! நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு மனுஷன். நம்ம சூப்பர்வைசர் முகத்தைப் பாக்கணுமே. ‘மணி அடிச்சா நேரம் முடிஞ்சதுன்னுதானே நான் எழுதறேன்’ங்கறாரு. ஒரே கட்டடம், ஒரே வாசல். எட்டு மாசமா ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே இல்ல!”

பெரியக்கா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்திருந்த வரைக்கும் கோபத்தில் கொஞ்சம் தெம்பு இருந்தது. இப்போது கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை. “பாவம், அந்த ஆளு” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஜூலை போயிற்று, ஆகஸ்டும் போயிற்று. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் கம்பவுண்டர் வாசலுக்குப் போய் நின்றார். அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

கடைசிக் கடிதம் மூன்று பக்கம். கம்பவுண்டர் நாற்காலியை அவள் கட்டிலருகே இழுத்துப்போட்டு வரிவரியாகப் படித்தார். இடைவேளை முழுதாக முப்பது நிமிடம் என்று உறுதி செய்யப்பட வேண்டும். அழைப்பு மணி தனி, முடிவு மணி தனி. நான்காவது மாடியில் கடிகாரம் மாட்டப்பட வேண்டும். மனுதாரரின் மூன்று லேட் மார்க்குகளில் ஜனவரி 23க்கும் ஏப்ரல் 8க்கும் உரியவை ரத்து. அவை முறையே ஒரு நிமிடமும் இரண்டு நிமிடமும் ஆதலால் மணியின் பிழைக்குள் அடங்குகின்றன. நவம்பர் 19க்கு உரியது நான்கு நிமிடம். இரண்டரை நிமிடத்தைக் கழித்தாலும் ஒன்றரை நிமிடம் தாமதம். ஆகவே அது நிற்கும். ஒரு மார்க்குக்கு நடவடிக்கை இல்லை. செப்டம்பர் 15 திங்கள் முதல் மனுதாரர் பணிக்குத் திரும்பலாம்.

“அந்த ஒண்ணையும் எடுத்திருக்கலாம்” என்றார் கம்பவுண்டர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. “இவ்ளோ பண்ணினவங்க.”

“இல்லங்க. அது சரிதான்.”

“என்ன சரி?”

“அன்னிக்கு ரெண்டாவது மாடிப் படியில உக்காந்துட்டேன். கால் வரமாட்டேன்னுடுச்சு. மணி அடிச்சது காதுல விழுந்துச்சு, எந்திரிக்க முடியல.”

அவர் கடிதத்தை மடித்தார். “எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ.”

“சொன்னா அன்னிக்கே வேலைய விடச் சொல்லியிருப்பீங்க. மூணும் அப்படித்தானோன்னு எனக்கே பயம். ரெண்டு இல்லன்னு ஆயிடுச்சுல்ல, போதும்.” கட்டில் விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். “பதினஞ்சாம் தேதின்னா இன்னும் ஆறு நாள் இருக்கு. அதுவரைக்கும் தூங்கிக்கிறேன்.”

கடிதம் வந்து சேர்ந்தது செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை.